ஆவுடை கோடு போட்ட வரிகள்

முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கதையில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரே வீட்டுக்குள், ஒரே டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டே, எட்டு மாதம் ஓர் ஆள் இன்னோர் ஆளை ஏமாற்றியதும், ஏமாந்த ஆளுக்குக் கடைசியில் விஷயம் விளங்கியபோது அந்த மூஞ்சி போன போக்கும் அப்படி. ஆனால் அதை இப்போதே சொல்ல மாட்டேன், ஏனென்றால் சிரிப்பை முதலிலேயே பரிமாறிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், எங்கள் சாரல்பேட்டைக்காரர்கள் பந்தியில் பாயசம் வந்ததும் மோருக்குக் காத்திராமல் கையைக் கழுவப் போகிற மாதிரி.

என் பெயர் குழல்வாய்மொழி, வயது பதினாறு, கூப்பிடுவது குழலி. எனக்கு எல்லார் குரலும் வரும். தென்காசி பஸ் கண்டக்டர் குரல் வரும், தலைமையாசிரியை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேசிய கீதத்துக்கு நேரம் சொல்லும் குரல் வரும், போனில் பேசுகிற பதிவுக் குரல் அக்கா வருவாள், மழையில் நனைந்த மைக்செட் வரும். நகராட்சியில் குடிநீர் வால்வு திறக்கிற என் அப்பா குற்றாலிங்கத்தின் குரலும் வரும், அந்தக் குரலில் ஒருநாள் மேலத்தெருவுக்குப் போன் போட்டு மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் திறப்பதாகச் சொல்லி, நாற்பத்தொரு வீட்டுக் குடங்களை வெயிலில் வரிசை கட்டி நிற்கவைத்தேன். அப்பா வந்து குடங்களைப் பார்த்தார், அவ்வளவு குடங்களை ஏமாற்ற மனசு வராமல் வால்வைத் திறந்துவிட்டுப் போனார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்பா அப்படிப்பட்ட ஆள்.

எங்கள் ஊர் மலையடியில் இருக்கிறது, ஆனி பிறந்தால் ஆவணி வரை சாரல் விடாது, துணி காயாது, அதனால் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பார்கள். படிக்கிறவர்கள் பிடித்த வரிக்குக் கோடு போடுவார்கள். கோடு போட்டவர் செத்துப்போனால் பதினாறாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வரிகள் புத்தகத்தை விட்டுக் கிளம்பிப் போய்விடும். எழுத்து எழுத்தாகக் கழன்று, சர்க்கரையைக் கண்ட எறும்புச் சாரை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அட்டையைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகவே மேற்கே மலைப் பக்கம் போகும். புத்தகத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். எதற்காகப் போகின்றன, எங்கே போகின்றன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை, சாரல் எதற்காக வருகிறது என்று கேட்கிறோமா என்ன. ஆனால் செய்யவேண்டிய முறை எல்லாருக்கும் தெரியும்: அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் யாரும் வாசல் தெளிக்க மாட்டார்கள், பைக்கில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான், தூறல் விழுந்தால் யாராவது ஒருவர் குடையை விரித்துக்கொண்டு சாரையோடு தெருமுனை வரைக்கும் நடந்து கொடுத்துவிட்டு வருவார். இந்துக்கள் வீட்டில் பதினாறு, கிறிஸ்தவர்கள் வீட்டில் நாற்பத்தொன்று, முஸ்லிம்கள் வீட்டில் நாற்பது என்று காரியத்துக்கு ஆளுக்கொரு நாள் இருந்தாலும் வரிகளுக்கு அதெல்லாம் தெரியாது, எல்லார் வீட்டிலும் பதினாறாம் நாள்தான், அதனால் பாதிரியாரும் லெப்பையும்கூட அந்த நாளுக்குத் தங்கள் முறையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நூலகத்தில் பாதிப் புத்தகங்கள் ஜன்னல் வைத்த சுவர் மாதிரி இருக்கும். நூலகர் பீர்மைதீன் மாமா ஜன்னலைப் பார்த்தே ஆளைச் சொல்லுவார். "இது கம்பவுண்டர் போன எடம், சாப்பாடு வருத எடமெல்லாம் கோடு போடுவாரு. இது மிலிட்டரிக்காரர், தோத்த சண்டைக்கு மட்டும்தான் போடுவாரு." புதிதாகப் படிக்க எடுத்தவர்கள் வெள்ளையைத் தாண்டும்போது ஒரு நொடி நிற்பார்கள், பின்பு மேலே படிப்பார்கள்.

வரியைத் தங்கவைக்க ஒரே வழிதான் உண்டு. படம் பிடித்தால் படத்திலிருந்தும் போய்விடும், வாசித்துப் பதிவுசெய்தால் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உயிரோடு இருக்கிற ஓர் ஆள் பதினாறு நாளுக்குள் அந்த வரியைத் தன் கையால் எழுதி இறக்கி, இனி இது என் வரி என்று தன் பெயரில் வைத்துக்கொண்டால்தான் நிற்கும். அதற்கு வரி எடுப்பது என்று பெயர். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் முதலில் "எப்ப எடுக்காக?" என்று கேட்பார்கள், அது உடம்பை. சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் "வரி எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள்.

முன்பெல்லாம் நோட்டில் எடுத்தார்கள், நோட்டைச் சாரல் ஈரமும் கரையானும் தின்றன. பின்பு போனில் செயலிகள் வந்தன, எடுத்த வரிகளைப் பத்திரமாக வைத்திருந்து, தினமும் காலையில் அதுவாகவே மணியடித்து, இரண்டோ ஐந்தோ வரிகளை மீள்பார்வைக்கு என்று எடுத்து நீட்டுகிற செயலிகள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. காலையில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் தெரு முழுக்க டிங் டிங் என்று கேட்கும், செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற மாதிரி. டைலர் சவரிமுத்து அண்ணன் தன் சம்சாரத்தின் வரிகளை அப்படித்தான் மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார், ஒருநாள் அந்தச் செயலிக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மறுநாள் காலை மணியடிக்கவில்லை. அவர் கடையைப் பூட்டிக்கொண்டு, சம்சாரம் செத்த அன்று போட்ட மாதிரி இரண்டாவது தடவை மொட்டை போட்டுவிட்டு வந்தார்.

அந்த மொட்டையை என் அப்பா பார்த்திருந்தார். கதைக்கு அது முக்கியம்.

போன ஆனியில் என் அக்கா ஆவுடை செத்துப்போனாள். எட்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இருபத்துநான்கு வயது, மருந்துக்கடையில் வேலை, மருந்துப் பட்டை மேல் காலை மதியம் இரவு என்று எழுதிக் கொடுக்கிற அதே ஊதாப் பேனாவால்தான் புத்தகத்திலும் கோடு போடுவாள். எங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கம் அவள், வெளிப்பக்கம் நான். படித்துக்கொண்டே சட்டென்று பேனாவைத் தேடி என் முதுகுக்கு அடியில் கையை விடுவாள், கூச்சத்தில் நான் கத்துவேன். "சும்மா கெடட்டி, ஒரு வரி ஓடிரப் போகுது" என்பாள். அவள் கோடு போட்ட புத்தகங்கள் பதினான்கு, ஐந்து நூலகத்துடையவை, ஒன்பது சொந்தம். ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை, அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று.

வரி எடுக்கிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். என் அப்பா ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதற்கு மூன்று கடை ஏறி, வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, நாலாவது கடையில் போய் முதல் கடையைப் பற்றி விசாரிக்கிறவர். மின்விசிறி வாங்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டார், வாங்கி மாட்டியபோது மார்கழி வந்துவிட்டது. அவர் வால்வு திறக்கிற நேரம் குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஏழு செயலிகளை எழுதினார்: மயிலிறகு, கிளிஞ்சல், சிமிழ், பொதி, நினைவடுக்கு, படிகம், ஏடு. மயிலிறகு அழகாக மணியடிக்கும், ஆனால் நீளமான வரியை நடுவில் வெட்டும். கிளிஞ்சல் ஐம்பது வரிக்கு மேல் தாங்காது. சிமிழுக்குத் தமிழ் வராது, கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமுமாகப் பிய்த்துப் போடும். பொதி தானாகக் காலையில் காட்டும், நாமாகத் தேடினால் எடுத்துக் கொடுக்காது. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டுமே என்று முதல் புத்தகத்தின் முதல் கோட்டை எடுத்து ஏழிலும் தட்டிப் பார்த்தார். "மழை நின்ற பிறகுதான் அந்த ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்தது." அந்த ஒரு வரிதான். மற்ற பக்கங்களை அவரால் புரட்ட முடியவில்லை, ஊதாவைக் கண்டதும் மூடிவிடுவார்.

"எதுல வேணாலும் வைங்க, வெரசலா வைங்க," என்றாள் அம்மா ஆறாம் நாள். "ஒரு நோட்டுல எழுதுங்களேன், நான் வேணா எழுத்துக்கூட்டி எழுதுதேன்."

"நோட்டு அதும்பாட்டுக்குக் கெடக்கும். நாமதான் போயித் தொறக்கணும். இது அதுவா வந்து கூப்புடும்லா."

"கூப்புட்டா?"

"அவ கூப்புட்ட மாதிரி இருக்கும்லா."



அப்பா ஏழு கம்பெனிக்கும் கடிதம் போட்டார், மருந்துக்கடைப் பையன் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தான்: ஐயா, உங்கள் கம்பெனி இன்னும் எத்தனை வருஷம் இருக்கும், நீங்கள் மூடிவிட்டால் என் மகள் எங்கே போவாள், தயவுசெய்து உண்மையைச் சொல்லவும். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. ஒன்று, உங்கள் கருத்துக்கு நன்றி. இன்னொன்று, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. அப்பா யோசித்து மூன்று கொடுத்தார், மிச்ச பதில்களுக்காகக் காத்திருந்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். நான் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவர்களின் குரலை அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் செய்து காட்டி சித்தி பிள்ளைகளைச் சிரிக்கவைத்தேன். மூன்றாம் நாள் காலையில், அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, பின்னால் நின்று, அக்கா குரலில், "யம்மா, எனக்குச் சீனி கம்மியா" என்றேன். ஏன் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா திரும்பவில்லை. கை அது பாட்டுக்குப் போய் நாலாவது தம்ளரை எடுத்து வைத்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினாள். அடித்த அடியில் என் காது ஒருநாள் முழுக்க மைக்செட் மாதிரி இரைந்தது. அன்றோடு அக்கா குரலை விட்டேன். மற்ற எல்லார் குரலும் வரும், அது வராது. அழுகையும் வரவில்லை.

பதினாறாம் நாள் மதியம் மூன்று மணிக்கு அப்பா முடிவுசெய்தார். "மயிலிறகு," என்று கட்டத்தில் வட்டம் போட்டார். "வெட்டுத வரிய ரெண்டா பிரிச்சுப் போட்டுக்கலாம்." முகம் கழுவி, விபூதி பூசி, பதினான்கு புத்தகங்களையும் பாயில் அடுக்கி, போனை எடுத்தார். மயிலிறகு திறந்தது, புதிய பதிப்பு வந்திருக்கிறது, இறக்கிக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருக்கவும் என்றது. மலையில் மேகம் இறங்கி டவரை மூடியிருந்தது. நூற்றுக்குப் பதினொன்று. நூற்றுக்கு இருபது. அப்பா போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார், தெருவுக்கு ஓடினார், மின்கம்பத்தில் பாதி ஏறினார். நூற்றுக்கு அறுபத்திரண்டில் அம்மா விளக்கை ஏற்றினாள். ஏற்றாமல் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலபேர் சொன்னார்கள், ஆனால் இருட்டிய பிறகு விளக்கில்லாத வீட்டிலிருந்தும் அவை போயிருக்கின்றன.

முதல் புத்தகத்தின் அட்டை லேசாக எழும்பியது. ஒரு 'அ' வெளியே வந்து நின்று, இடம் பார்த்து, நடந்தது. அதன் பின்னால் மற்றவை. பதினான்கு புத்தகங்களிலிருந்தும் பதினான்கு சாரைகள் கிளம்பி நிலைப்படியில் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்றையாவது படித்துவிடலாம் என்று அப்பா குப்புறப் படுத்துப் பார்த்தார், ஆனால் வரிசையில் போகும்போது எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எது எந்தச் சொல்லின் முடிவு, எது எதன் தொடக்கம் என்று தெரியாது. கடைசியில் உள்ளங்கையை அணை மாதிரி சாரைக்குக் குறுக்கே வைத்தார், ஊரின் தண்ணீரையெல்லாம் நிறுத்தித் திறந்த கை. எழுத்துக்கள் ஒரு நொடி கூட்டமாக நின்றன. பிறகு விரல் மேல் ஏறி, ரேகையைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போயின.

வாசலில் தெரு முழுக்க நின்றது, சவரிமுத்து அண்ணன் குடையோடு தயாராக இருந்தார், யாரும் மூச்சுவிடவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் கண்டக்டர் குரலில், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, பின்னால எடம் கெடக்குல்லா" என்றேன். சின்னப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். அப்பா தரையில் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மேலத்தெருக் குடங்களைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு "வரி எடுக்காத வீடு" என்று பெயர் வந்தது. யாரும் கேலியாகச் சொல்லவில்லை, அடையாளத்துக்குச் சொன்னார்கள், தபால்காரர்கூட. தினமும் காலையில் அப்பா போனில் ஏழு தடவை மணியடிக்கும், ஏழு செயலிகளும் வைத்திருந்த ஒரே வரியை ஏழு தடவை நீட்டும். மழை நின்ற பிறகுதான் அந்த ஓட்டு வீடு. மழை நின்ற பிறகுதான் அந்த ஓட்டு வீடு. சிமிழில் மட்டும் கொம்பு ஒடிந்து வரும். அப்பா ஏழையும் படிப்பார், ஏழாவதைப் படித்ததும் எழுந்து வால்வு திறக்கப் போவார்.

பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் அவரை ஏமாற்றுவது என்று முடிவுசெய்தேன்.

"யப்பா," என்றேன், குரலில் திருட்டுச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "ஒரு வெளாட்டு பண்ணினேன். அக்கா வரியெல்லாம் நான் அப்பமே எடுத்துட்டேன். மயிலிறகுல, எம் பேர்ல. ஒங்க ஆராய்ச்சி எப்ப முடியுதுன்னு பாக்கத்தான் சொல்லல."

அப்பா தோசையை விண்டபடி என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எத்தனை வரி?"

"கெடக்கு, ஐந்நூறு கிட்ட. மொத்தமா தர மாட்டேன். தெனம் ரெண்டு. காலையில ஆறரைக்கு."

"சரி," என்றார். "ரெண்டு போதும்."

பார்த்தீர்களா, எவ்வளவு லேசாக விழுந்தார். அன்று சாயங்காலம் அக்காவின் பழைய போனில், அது எனக்கு வந்திருந்தது, மயிலிறகை இறக்கி, பதினான்கு புத்தகங்களின் பெயரையும் பதிந்து, வரிகளை நானே செய்யத் தொடங்கினேன். குரல் செய்கிறவளுக்குப் புத்தகக் குரல் எம்மாத்திரம். வரலாற்றுப் புத்தகமா, தொண்டையைச் செருமிக்கொள்: "அந்த மன்னனுக்கு ஏழு குளங்கள் இருந்தன, ஒன்றில்கூட அவன் தன் முகத்தைப் பார்த்ததில்லை." சமையல் புத்தகமா, கொஞ்சம் கொஞ்சு: "உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் யாருக்காகப் போட்டோம் என்பது மறந்துவிடும்." ஆறரைக்கு என் வரி அப்பா போனுக்குப் போய் மணியடிக்கும். அப்பா கண்ணாடியைப் போட்டுப் படிப்பார், நான் அடுக்களையில் துண்டைக் கடித்துச் சிரிப்பேன்.

நாலாம் நாளிலிருந்து விமர்சனம் செய்ய ஆரம்பித்தார். "மன்னன் வரி மேடையில பேசுத மாதிரி இருக்கு. ஆவுடை இதுக்கெல்லாம் கோடு போட மாட்டா."

"போட்டிருக்காளே!"

"போட்டிருந்தா சரி. இன்னும் நல்லதா இருந்தா எடுத்துவிடு."

ஊருக்குள் செய்தி பரவியது, வரி எடுக்காத வீட்டில் வரி இருந்திருக்கிறதாம், அந்தச் சேட்டைக்காரி ஒளித்து வைத்திருந்தாளாம். சவரிமுத்து அண்ணன் தையலை நிறுத்திவிட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். தபால்காரர் பழைய அடையாளத்தை விட்டுவிட்டு "குற்றாலிங்கம் அண்ணாச்சி வீடு" என்று மறுபடி சொல்லப் பழகினார். பீர்மைதீன் மாமா நூலகத்தின் ஐந்து புத்தகங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், ஊரில் முதல்முறையாக வெள்ளையில் வரியைத் திரும்ப எழுதிவிடலாம் என்று. ஒரு வரியைச் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறந்து, வெள்ளை இடத்தை விரலால் அளந்தார், என் வரியை எண்ணினார்.

"எடம் இருவத்தோரு எழுத்துக்குத்தான் இருக்கு. இது முப்பத்திநாலு வருதே பிள்ள."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா முறுக்கு டப்பாவை மாமா பக்கம் தள்ளினார். "எழுத்தைச் சின்னதாக்கிக்கிட்டா கொள்ளும்," என்றார்.

மாமா அவரையும் பார்த்து என்னையும் பார்த்தார். "கொள்ளும் அண்ணாச்சி, கொள்ளாம என்ன," என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்த பேனாவை விட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முப்பத்திநாலு எழுத்தையும் அரிசி மேல் எழுதுகிற மாதிரி எழுதினார். எவ்வளவு எளிதில் ஏமாறுகிற ஊர் என்று அன்றும் துண்டைக் கடித்தேன்.

ஆனால் தினம் இரண்டு வரி என்பது லேசில்லை. புரட்டாசி பிறந்தபோது எனக்குத் தெரிந்த குரல்களெல்லாம் தீர்ந்துவிட்டன. பஸ்ஸில் யோசித்தேன், கணக்கு வகுப்பில் யோசித்தேன், ஒன்றும் கிடைக்காத நாளில் கண்ணில் பட்டதை எழுதி, பயண நூல் என்று பெயர் போட்டு அனுப்பினேன். "மூன்று தட்டு எடுத்தால் போதும் என்று கைக்கு இன்னும் தெரியவில்லை." அன்று அப்பா விமர்சனம் சொல்லவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார், சைக்கிளை எடுத்தவர் திரும்பி வந்து வாசலில் நின்று, "இது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அந்த மாதிரியே அனுப்பினேன். "கட்டில் முழுக்க எனக்குத்தான், ஆனாலும் வெளிப்பக்க ஓரத்திலேயே படுக்கிறேன், சுவர்ப் பக்கம் சூடாக இருக்கிறது." அதற்கு மூலிகை மருத்துவம் என்று பெயர் போட்டேன். "வேடிக்கை காட்டுகிறவள் வாயை மூடினால் அவள் வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று யாரும் கேட்டதில்லை." இது தென்னை வளர்ப்பு. அம்மா போனைத் தொட மாட்டாள், ஆனால் ஆறரை மணிக்கு அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும், அப்பா கொஞ்சம் உரக்கப் படிப்பார். மயிலிறகு மணியடித்து முடிந்ததும் மற்ற ஆறும் வரிசையாக அடிக்கும். அவை அந்தப் பழைய ஓட்டு வீட்டு வரியைத்தான் நீட்டுகின்றன என்று நினைத்து நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

பங்குனியில் பரீட்சை வந்தது. முதல்நாள் சாயங்காலம் வேதியியலில் தலையை விட்டவள் வரி வைக்க மறந்துபோனேன். காலையில் விழித்துப் பார்த்தால் ஆறு இருபத்தைந்து. அப்பா மேல்நிலைத் தொட்டிக்குப் போயிருந்தார், போன் சார்ஜில் கிடந்தது. எட்டு மாதத்தில் ஒருநாள் தவறினால் சந்தேகம் வரும், ஆகவே அவர் போனில் இணைப்பை அணைத்துவிட்டு, டவர் கோளாறு என்று பதிவுக் குரல் அக்காவைப் பேசவைக்கலாம் என்று கையில் எடுத்தேன். பூட்டு எண் எனக்குத் தெரியும், ஆவுடை பிறந்த வருஷம். அதற்குள் ஆறரை ஆகிவிட்டது. மயிலிறகு அடிக்கவில்லை. கிளிஞ்சல் அடித்தது.

"இன்று மீள்பார்வைக்கு: மூன்று தட்டு எடுத்தால் போதும் என்று கைக்கு இன்னும் தெரியவில்லை." கீழே, எழுதியவர் என்கிற இடத்தில், பயண நூலின் பெயர் இல்லை. "குழல்வாய்மொழி" என்று இருந்தது.

பொதி அடித்தது. "சுவர்ப் பக்கம் சூடாக இருக்கிறது. எழுதியவர்: குழல்வாய்மொழி." படிகம் அடித்தது. ஏடு அடித்தது. நினைவடுக்கு அடித்தது. சிமிழ் கொம்பும் காலும் ஒடிந்த எழுத்தில் என் பெயரை நீட்டியது. கிளிஞ்சலைத் திறந்தேன். ஐம்பதுக்கு மேல் தாங்காத அதில் பத்துப் பெயரில் பத்துப் பெட்டி போட்டு நானூற்று எழுபத்தாறு வரிகளும் கிடந்தன, மேடைப் பேச்சு மன்னன் உட்பட. மயிலிறகைத் திறந்தேன், நான் அனுப்பிய தொகுப்புக்குப் பக்கத்தில் அவர் பெயரில் அவரே தட்டி இறக்கி, மணியை மட்டும் அணைத்து வைத்த இன்னொன்று இருந்தது, அதிலும் அத்தனையும். எல்லாவற்றிலும் முதல் வரிக்குத் தேதி, நான் ஏமாற்றத் தொடங்கிய முதல் நாள். நேரம், காலை ஆறு நாற்பத்தொன்று. வரி போய்ச் சேர்ந்த பதினோராவது நிமிஷம். அதன் கீழே, வால்வு நோட்டில் எழுதுகிற அதே தோரணையில், ஒரு குறிப்பு:

"6.41. ஆவுடை வரி இல்லை. சின்னவள் சொந்தமாக எழுதுவது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள். இந்தத் தடவை எது நல்லது என்று பார்க்கவில்லை. ஏழிலும் போட்டாயிற்று."

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ஈரக்கால் சிமெண்டில் பதிய அப்பா உள்ளே வந்தார், என் கையில் தன் போன் இருப்பதைப் பார்க்காதவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்தார்.

"என்னட்டி, மணி ஆறரை தாண்டிட்டே. ஆவுடை வரிய இன்னும் காணல?"

நான் வாக்குக் கொடுத்த இடம் இதுதான். டவர் கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன், பதிவுக் குரல் அக்கா வரவில்லை, கண்டக்டர் வரவில்லை, தலைமையாசிரியை வரவில்லை. போன் திரை அணைந்து கருப்பானது, ஏமாந்த ஆளின் மூஞ்சி அதில் தெரிந்தது, வாய் திறந்தபடி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்க, எட்டு மாதமாக மழையே இல்லாத ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்த மாதிரி.